பக்கத்தில் உட்கார்ந்தால் போடுகிறான், பரீட்சையில் கோட்டை விடுகிறான்

இந்த முறை கடிதம் எழுதியிருப்பவர் பெற்றோர் அல்ல, டியூஷன் எடுப்பவர். வயது 29. கணிதப் பட்டதாரி. மூன்று வருடம் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, குழந்தை பிறந்ததும் விட்டவர். இப்போது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அவன் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிறார். வாரம் ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம்.

ஆரம்பத்தில் பேசியது கணக்கு மட்டும். இரண்டு மாதத்தில் மார்க் கொஞ்சம் ஏறியதும், "அறிவியலையும் சேர்த்துப் பாத்துக்கோங்க மிஸ்" என்றார் பையனின் அம்மா. அப்புறம் ஆங்கிலம். அப்புறம் சமூக அறிவியல். இவரும் மறுக்கத் தயங்கி ஏற்றுக்கொண்டார். இப்போது அதே இரண்டு மணி நேரத்தில் நாலு பாடம் ஓடுகிறது. டியூஷனில் கொடுக்கிற கணக்கை எல்லாம் பையன் போட்டுவிடுகிறான், கேட்டால் பதில் சொல்கிறான். பரீட்சைத் தாள் வந்தால் வேறு ஆளின் தாள் போல இருக்கிறது. கணக்கு ஏறிய இடத்திலேயே நிற்கிறது, அறிவியல் இறங்கிவிட்டது. அம்மாவோ, "தினம் இன்னும் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் வாங்க" என்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னும் சில விஷயங்கள் உண்டு. ஒரு தடவை பையனின் புராஜெக்டை இவரே எழுதிக்கொடுத்துவிட்டார். இரவு பத்து மணிக்கு மேலும் சந்தேகம் கேட்டு வாட்ஸ்அப் வருகிறது. போன வாரம் பையன், "மிஸ், அறிவியல் மார்க்கை அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று கெஞ்சியிருக்கிறான். "தனியாகச் சொல்லிக்கொடுத்தால் சாதாரண மாணவன்கூட முதல் இரண்டு சதவீதத்துக்குள் வந்துவிடுவான் என்று படித்தேன். அப்படியானால் தப்பு என்னிடம்தானே? விலகிக்கொள்ளட்டுமா?" என்று முடித்திருக்கிறார். நாலு பாடத்தின் விடைத்தாள் நகல்களையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அது பெரிய உதவியாக இருந்தது.

உங்களுக்கு என் பதில் இது.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது. நீங்கள் படித்த அந்த 'இரண்டு சதவீத'க் கணக்கு பெஞ்சமின் புளூம் என்ற கல்வியியலாளர் 1984-ல் எழுதியது. தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவன், வகுப்பறையில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டினான் என்றார் அவர். பொய் இல்லை. ஆனால் அந்தச் சோதனைகள் சுமார் மூன்று வாரம் நடந்தவை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சின்னத் தலைப்புதான், நிகழ்தகவு அல்லது வரைபடவியல். பத்தாம் வகுப்பின் நாலு பாடம் அல்ல. பிற்பாடு 2011-ல் குர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தனிப்பயிற்சியின் பலன் புளூம் சொன்னதில் பாதிகூட வரவில்லை. அதுவும் நல்ல பலன்தான். ஆனால் மந்திரம் இல்லை. பலருக்கு நடக்காததை உங்கள் தோல்வி என்று நினைத்துக் குமைய வேண்டாம்.

சரி, தப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

உங்கள் "ம்ம்?"தான் விடை

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறீர்கள். கூம்பின் ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ., வளைபரப்பு காண வேண்டும். பையன் 22/7 × 7 × 24 என்று எழுதி 528 என்றான். நீங்கள் "ம்ம்?" என்றீர்கள். உடனே அவன், "ஐயோ, சாயுயரம் மிஸ்" என்று அடித்துவிட்டு, 25 கண்டுபிடித்து, 550 என்று எழுதினான். (வளைபரப்புக்கு வேண்டியது நேர் உயரம் அல்ல, அடி விளிம்பிலிருந்து உச்சி வரை சரிவாக அளக்கும் நீளம். அதுதான் சாயுயரம்.) "பாருங்கள், அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கவனம்தான் இல்லை" என்பது உங்கள் தீர்ப்பு.

எனக்கு வேறு மாதிரி படுகிறது. அந்தக் கணக்கில் கஷ்டமான வேலை ஒன்றே ஒன்றுதான்: 528 தப்பு என்று உணர்வது. பெருக்கத் தெரிவதோ, சாயுயரத்தின் சூத்திரமோ இரண்டாம் பட்சம். அந்த ஒரே கஷ்டமான வேலையை நீங்கள் செய்துவிட்டீர்கள், அதுவும் ஒரு "ம்ம்?"மில். ஆறு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் கணக்கைப் படித்தானோ இல்லையோ, உங்களை நன்றாகப் படித்துவிட்டான். பேனா எங்கே நிற்கிறது, புருவம் எப்போது ஏறுகிறது, "சரி" எப்போது வேகமாக வருகிறது, எப்போது இழுத்து வருகிறது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பரீட்சை ஹாலில் அந்த "ம்ம்?" கிடையாது. 528 என்று எழுதி, அடியில் கோடு போட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறான். உங்கள் கையிலிருக்கும் விடைத்தாளில் ஆறாவது கேள்வியைப் பாருங்கள். எண்கள்தான் வேறு, தப்பு அதே தப்பு.

இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நானும் பல வருடம் டியூஷன் எடுத்தவன், பல வருடம் இதையே செய்தவன். அன்பாகச் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத்தான் இந்த வியாதி அதிகம் வரும். மௌனம் நமக்குத் தாங்காது. மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி. அதை மூன்று வினாடி ஆக்கியதுமே மாணவர்களின் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது. வகுப்பறையிலேயே இப்படி என்றால், ஒரே மேஜையில் முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வினாடிகூட ஜாஸ்திதான்.

ஆகவே முதல் மாற்றம் இது. இரண்டு மணி நேரத்தில் கடைசி இருபத்தைந்து நிமிடம் நீங்கள் அவன் பக்கத்தில் இருக்கக் கூடாது. அறையின் வேறு மூலையில், உங்கள் முகத்தை அவன் பார்க்க முடியாதபடி ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். அவன் எட்டுக் கேள்விகளை மௌனமாக எழுதட்டும். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் 'உறுதி' அல்லது 'சந்தேகம்' என்று அவனே குறிக்கட்டும். நீங்கள் திருத்தும்போது, 'உறுதி' என்று போட்டுத் தப்பானவைதான் உங்கள் அடுத்த நாள் பாடம். சந்தேகம் என்று போட்டுத் தப்பானால் பயமில்லை, அவனுக்கே தெரிகிறது. தெரியும் என்று நினைத்துக்கொண்டு தப்பு விடுவதுதான் மார்க்கைத் தின்கிறது.

இரண்டாவது, அந்த எட்டுக் கேள்வியும் ஒரே பாடத்திலிருந்து வரக் கூடாது. நீங்கள் கூம்பு நடத்தினால் கூம்புக் கணக்காகவே பத்து கொடுக்கிறீர்கள். எந்தச் சூத்திரம் என்று யோசிக்க வேண்டிய வேலையே அவனுக்கு இல்லை. 2007-ல் ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு நாலு வித திடப்பொருள்களின் கன அளவு கணக்குகளைக் கொடுத்தார்கள். வகை வகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்துகட்டிச் செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் கூட்டம் 20 சதவீதம், இரண்டாவது கூட்டம் 63. உங்கள் மேஜையில் நடப்பது அந்த 89. அம்மா கையெழுத்துப் போடுகிற தாளில் வருவது 20.

கலந்து கொடுக்க ஆரம்பித்தால் டியூஷனிலேயே அவன் நிறைய தப்பு விடுவான். முகம் வாடும். அம்மா எட்டிப் பார்த்து, "என்ன மிஸ், முன்னாடி நல்லாப் போட்டுட்டு இருந்தான்?" என்பார். முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

நாலு பாடம், ஒரே ஓட்டை

நாலு விடைத்தாளையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். கணக்கில் சாயுயரம் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில், கேள்வியிலேயே அச்சாகியிருந்த உயரத்தை எடுத்துப் போட்டிருக்கிறான். அறிவியலில் 12 வோல்ட், 250 மில்லி ஆம்பியர், மின்தடை காண்க என்ற கேள்விக்கு 12-ஐ 250-ஆல் வகுத்து 0.048 ஓம் என்று எழுதியிருக்கிறான். மில்லி ஆம்பியரை ஆம்பியராக மாற்றியிருந்தால் 48 ஓம் வந்திருக்கும். சமூக அறிவியலில் 'காரணங்களையும் விளைவுகளையும் எழுதுக' என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றரைப் பக்கம் காரணம் எழுதியிருக்கிறான், விளைவு ஒரு வரி இல்லை. ஆங்கிலத்தில் சுருக்கி எழுதச் சொன்ன பத்தியின் முதல் பாதியை மட்டும் சுருக்கியிருக்கிறான்.

நீங்கள் நாலு பாடத்தில் நாலு பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது: கண்ணில் முதலில் பட்டதைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுகிறான். கேள்வியைக் கடைசி வரை படிப்பதில்லை, கையில் இருக்கும் எண் கேட்கப்பட்ட எண்தானா என்று நின்று பார்ப்பதில்லை. மின்னியல் பாடம் அவனுக்குத் தெரியும், மூன்றாம் பக்கத்தில் விதியை அழகாக எழுதியிருக்கிறான். அதனால் இனிமேல் மின்னியலைத் திரும்ப நடத்துவதில் பிரயோஜனம் இல்லை.

இங்கேதான் நீங்கள் நாலு பாடத்தையும் பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. பாடத்துக்கு ஒருவர் என்று நாலு பேர் வைத்திருந்தால் ஒவ்வொருவரும் அவரவர் பாடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நாலையும் சேர்த்துப் பார்க்கிற கண் உங்களுக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் ஒரே பழக்கம் கொண்டுவாருங்கள்: எழுதத் தொடங்கும் முன் கேள்வியில் கேட்டிருப்பதற்கு அடியில் கோடு, அலகுக்கு ஒரு வட்டம், எழுதி முடித்ததும் கேள்வியின் கடைசி வரிக்குத் திரும்பிப் போவது. கூம்புக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அவன் கையில் கொடுங்கள். அடி விளிம்பிலிருந்து உச்சிக்கு ஓர் எறும்பு ஊர்ந்தால் எந்தத் தூரம் போகும் என்று கேளுங்கள். பிறகு காகிதத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். அந்த எறும்பு போன வழிதான் விரிந்த காகிதத்தின் ஆரம் என்று அவனே பார்த்துவிட்டால், 24-ஐத் தொட அவன் கை கொஞ்சம் கூசும்.

அவன் 'படம் பார்த்துக் கற்கிற ரகம்' என்பதால் எல்லாவற்றையும் படமாக மாற்றித் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ரகம் பிரிப்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 2008-லேயே உளவியலாளர்கள் அலசி எழுதிவிட்டார்கள். படம் தேவையான பாடத்துக்குப் படம் போடுங்கள். ஆங்கிலச் சுருக்கத்துக்கு இரவு ஒரு மணி வரை படம் வரைந்துகொண்டிருக்க வேண்டாம்.

தெரியாத பாடத்தை எடுக்கலாமா?

இது உங்கள் மனசாட்சியை உறுத்தும் கேள்வி. நல்ல உறுத்தல்தான். என் எண்ணம்: அறிவியலின் கணக்கு சார்ந்த பகுதிகளைத் தாராளமாக எடுக்கலாம், அவன் அடிபடுவதும் அங்கேதான். சமூக அறிவியலில் நீங்கள் 'நடத்த' வேண்டாம். அதை நடத்தப் பள்ளியில் ஆள் இருக்கிறார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நேற்று படித்ததை வெற்றுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிறப் பேனாவில் அவனே சேர்க்கட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் அதிகம் தங்குகிறது என்று ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரின் 2006 ஆய்வு காட்டியது. இதற்கு நீங்கள் வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை.

ஆங்கிலக் கட்டுரை திருத்துவது வேறு விஷயம். எது நன்றாக இருக்கிறது, ஏன் என்று சொல்லும் தன்னம்பிக்கை உங்களுக்கு இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதை விட்டுவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் வேறொருவரை வைக்கச் சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. தெரியாததைத் தெரிந்தது போல நடத்தினால், பையன் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். அதற்கப்புறம் தெரிந்ததைச் சொன்னாலும் நம்ப மாட்டான்.

இன்னும் ஒரு மணி நேரம்?

வேண்டாம். அந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. நீங்கள் எழுதிய கால அட்டவணைப்படி அவனுக்குக் கிடைப்பது ஆறரை. அதிலிருந்து இன்னும் ஒரு மணி நேரத்தைப் பிடுங்குவதற்குப் பெயர் டியூஷன் இல்லை. அதைவிட, அவன் தனியாக உட்கார்ந்து தடுமாறுகிற நேரமே அவனுடைய நாளில் இல்லை: பள்ளி, நீங்கள், சாப்பாடு, தூக்கம். தடுமாறாமல் யாரும் கற்றுக்கொண்டதில்லை.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் கெட்டவர் இல்லை, பயந்திருக்கிறார். பயந்தவரிடம் ஆய்வு முடிவுகளைப் பேசிப் பிரயோஜனம் இல்லை. நாலு விடைத்தாளையும் எடுத்துப் போய் முன்னால் வையுங்கள். "மேடம், தம்பிக்குப் பாடம் தெரியுது. கேள்வியைப் பாதியில விட்டுடறான். நேரத்தைக் கூட்டினா நான் இன்னும் அதிகமா எடுத்துக் கொடுப்பேன், அவன் இன்னும் என்மேல சாய்ஞ்சுக்குவான். ஆறு வாரம் இந்த முறையில விடுங்க. மாறலைன்னா நானே வேற நல்ல ஆளைத் தேடித் தர்றேன்" என்று சொல்லுங்கள். ஆறு வாரம் என்ற கெடு முக்கியம். கெடு இல்லாத வேண்டுகோளை யாரும் ஏற்க மாட்டார்கள்.

அதே உட்காரலில் ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பாடங்கள், எத்தனை மணி நேரம், விடுமுறை எடுத்தால் என்ன, எத்தனை மணிக்கு மேல் மெசேஜ் கிடையாது. ஒப்பந்தம் என்று பயமுறுத்த வேண்டாம், "நமக்கு ஞாபகத்துக்கு" என்று சொன்னால் போதும். பேசியது ஒரு பாடம், எடுப்பது நாலு பாடம், சம்பளம் பழையது என்றால் அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்கக் கூச்சப்பட்டு உள்ளுக்குள் புழுங்குவது பாடத்தில்தான் வந்து விடியும். இரவு பத்து மணிச் சந்தேகங்களுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். சந்தேகத்தை அதில் எழுதி, அதற்கு அவனே முயன்ற ஒரு வழியையும் எழுதி வைக்க வேண்டும். பாதிச் சந்தேகம் எழுதும்போதே தீர்ந்துவிடும்.

புராஜெக்டும் ரகசியமும்

புராஜெக்டை எழுதிக்கொடுத்தது தப்பு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பள்ளிக்குத் தெரிந்தால் தண்டனை பையனுக்கு, பெயர் கெடுவது உங்களுக்கு. அதைவிட, 'கஷ்டமானதை மிஸ் செய்துடுவாங்க' என்பதை அவனுக்கு அச்சடித்துக் கொடுத்தது போல ஆகிவிட்டது. இனி கேட்டால், தலைப்பு பிரித்துக்கொடுப்பேன், வரி எழுத மாட்டேன் என்று சொல்லுங்கள். நடந்ததை அவனிடமே, "அன்னைக்கு நான் செஞ்சது சரியில்லை" என்று ஒப்புக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் தப்பை ஒப்புக்கொள்வதைப் பார்ப்பதும் அந்த வயதுக்கு நல்லதுதான்.

அம்மாவிடம் மார்க்கைச் சொல்லாதே என்ற கெஞ்சலுக்கு: மறைக்கக் கூடாது, போட்டும் கொடுக்கக் கூடாது. "வெள்ளிக்கிழமைக்குள்ள நீ சொல்லு. நீ சொல்லும்போது நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லுங்கள். ஆனால் ஏன் அத்தனை பயம் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அடி, சாப்பிடாமல் இருப்பது, 'இருந்து என்ன பிரயோஜனம்' போன்ற பேச்சு காதில் விழுந்தால், அது டியூஷன் மிஸ் தனியாகச் சுமக்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே நம்பகமான பெரியவர் ஒருவருக்கும், பள்ளி ஆலோசகருக்கும் தெரிவிக்க வேண்டும். அதை ரகசியமாக வைத்துக்கொள்வதாக அவனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, அறைக் கதவு திறந்தே இருக்கட்டும், வீட்டில் பெரியவர் இல்லாத நாளில் வகுப்பு வேண்டாம். அவனுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

வரி விட்டு வரி படிக்கிறான் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். கேள்வியைப் பாதியில் விடுவதற்கு அவசரம் மட்டும்தான் காரணம் என்று நானும் சாதிக்க மாட்டேன். கண் பரிசோதனை ஒன்று செய்துவிடச் சொல்லுங்கள். பார்வை சரியாக இருந்தும் சத்தமாக வாசிக்கும்போது அடிக்கடி தடுக்கினால், வாசிப்புச் சிரமம் உண்டா என்று நிபுணரிடம் காட்டச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் நான் மேலே சொன்ன கோடும் வட்டமும் மட்டும் போதாது.

விலகுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். ஆறு வாரம் கழித்து, நீங்கள் மூலையில் உட்கார்ந்திருந்தபோது அவன் எழுதிய தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். 'உறுதி' போட்டுத் தப்பானவை குறைந்திருந்தால் தொடருங்கள், வாரத்தில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு. குறையவே இல்லை என்றால், அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி வேறு ஆளைத் தேடிக்கொடுத்துவிட்டு, அந்தத் தாள்களையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

அதற்கு முன் திங்கட்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். இன்னொரு கூம்புக் கணக்குக் கொடுங்கள். தப்பான எண்ணை எழுதினான் என்றால் "ம்ம்?" சொல்லாமல், புருவத்தையும் ஏற்றாமல், அடுத்த கேள்விக்குப் போகவிடுங்கள். பத்து நிமிடத்துக்குள் தானாகத் திரும்பி வந்து அதைப் பார்க்கிறானா என்று எனக்கு எழுதுங்கள்.